செத்தவர் பேரில் மாத்திரை

மருந்துக்கு ஜாமீன் கேட்ட ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்திருக்கிறேன். கடனுக்கு ஜாமீன் கேட்பார்கள், கோர்ட்டில் கேட்பார்கள். காச நோய் மாத்திரைக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டவர் எங்கள் டாக்டர் ஒருவர்தான். சர்க்கார் ஆர்டர் எதிலும் அது கிடையாது. அவராக வெள்ளைத் தாளில் டைப் அடித்து வைத்துக்கொண்ட சட்டம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் மறக்கவில்லை.

வருஷம் 1991. ஒரகடம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளர். ஊர்ப் பெயர் வேண்டாம். ஊர் ஜனங்களுக்கு நான் கம்பவுண்டரம்மா. வயது இருபத்தெட்டு. குன்றத்தூரிலிருந்து தினமும் காலையில் பஸ் பிடித்து வருவேன். இப்போது கம்பெனி மேல் கம்பெனியாக நிற்கிற அந்த ரோட்டில் அப்போது ஏரி, நெல் வயல், சவுக்கைத் தோப்பு, செங்கல் சூளை, அவ்வளவுதான். என் வாய்க்குப் பயந்தே ஜனங்கள் மருந்து வரிசையில் ஒழுங்காக நிற்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அந்த ஏப்ரலில், காலியாகக் கிடந்த ஒரு நெல் குடோனில் இலங்கையிலிருந்து வந்த நாற்பது குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதலில் ஊர்க்காரர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். பழைய புடவை, பாத்திரம், ஒரு படி அரிசி என்று கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மே மாதம் எங்கள் பக்கத்தில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து நடந்த கொலை உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு அதே ஜனங்கள் குடோன் பக்கம் சைக்கிளைக்கூட நிறுத்தமாட்டார்கள். படகிலிருந்து இறங்கிய உப்பு ஈரம் காயாதவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், பல் போன கிழவர்கள், போலீஸ் கண்ணுக்கு அத்தனை பேரும் ஒன்றுதான்.

ஜூலை மாதம். மணி பன்னிரண்டு அடித்து நான் மருந்து ஜன்னலைச் சாத்துகிற நேரம். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியாக ஒரு அக்கா ஓட்டமும் நடையுமாக வந்து நின்றாள். வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு இருமினாள். பேச்சில் சிலோன் வாடை. அங்கே நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்களாம்.

"மிஸி, ஒருக்கால் டொக்டரைப் பாக்கலாமே?"

"மணி என்னாச்சு பார்த்தீங்களா? சீட்டு பதினொன்றரைக்கே மூடியாச்சு. நாளைக்குச் சீக்கிரம் வாங்க."

"ஓம் மிஸி" என்று போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து வந்தாள், அதே பன்னிரண்டு மணி. மறுபடி திட்டி அனுப்பினேன். மூன்றாம் தடவை எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. "எழுந்து தலை வாரிக்கிட்டு நிதானமா கிளம்பி வந்தா ஆஸ்பத்திரி உங்களுக்காகத் திறந்து கிடக்குமா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அவள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பத்து மணிக்கு எங்களை எண்ணுவினம் மிஸி. அதுக்குள்ள வெளியில போனா பேரை வெட்டிப்போடுவினம். எண்ணுறவர் பதினொண்டரைக்குத்தான் வாறவர்."

கேட்டீர்களா கதையை! கேம்ப்பில் ஆஜர் எடுக்கிற நேரமும் ஆஸ்பத்திரி நேரமும் ஒன்று. தலை எண்ணுகிற ரெவின்யூக்காரர் டீ குடித்துவிட்டு எப்போது வருகிறாரோ அதுவரை நாற்பது குடும்பமும் வெயிலில் நிற்க வேண்டும். பேரை வெட்டினால் அரிசி இல்லை, உதவிப் பணம் இல்லை. ஆஜர் முடிந்து இரண்டு மைல் ஓடி வந்தால் இங்கே நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருக்கிறேன், தலை வாரியதைக் குத்திக்காட்டிக்கொண்டு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு டாக்டரிடம் நானே அழைத்துக்கொண்டு போனேன்.

சளியைச் சோதித்ததில் காச நோய் என்று வந்தது. முற்றவில்லை. எட்டு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும். அவளுக்கு எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. குடோனில் புடவையைக் கட்டித் தடுத்த பத்தடி இடத்தில் தாயும் மகளும் படுக்கிறார்கள். மருந்து இன்றைக்கே தொடங்க வேண்டும் என்பது எனக்கே தெரியும்போது எம்.பி.பி.எஸ். படித்தவருக்குத் தெரியாதா?

தெரியும். ஆனால் அவர் அந்த வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இவங்க நாளைக்கு வேற கேம்புக்குப் போயிடுவாங்க, இல்ல ஊருக்கே போயிடுவாங்க. பாதியில மருந்தை விட்டா கிருமி இன்னும் கெட்டியாயிடும். அப்புறம் எந்த மாத்திரைக்கும் அடங்காது. ஆரம்பிக்காம இருக்கிறதே மேல். உள்ளூர்ல வீடு வாசல் உள்ளவர் ஒருத்தர் பொறுப்புன்னு கையெழுத்துப் போடட்டும், நான் பேரு ஏத்துறேன்."

கெட்ட மனுஷன் இல்லை அவர். கைநீட்டி யாரிடமும் ஒரு பைசா வாங்கியது கிடையாது. மருந்து விஷயத்தில் அவர் சொன்னதும் சரிதான். பாதியில் விட்டால் ஆபத்துதான். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. பாதியில் விடுவதற்கு அவள் என்ன சொந்தச் செலவிலா ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள்? துரத்துகிறவர்கள் ஒரு பக்கம், துரத்தினால் ஓடுவாள் என்று மருந்து மறுக்கிறவர் ஒரு பக்கம்.

"நான் போடுறேன் சார் கையெழுத்து" என்றேன்.

"ஸ்டாஃப் போடக்கூடாது. நீங்க உள்ளூரும் இல்லை."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த வருஷம் அகதிக்காகக் கையெழுத்துப் போடுவது என்றால் சும்மாவா? வாடகைக்கு வீடு கொடுத்தவரையே ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். வாய்ச் சவடால் அடித்தேனே தவிர, எனக்கும் பயம்தான்.

மூன்று நாள் மதிய வேளையில் அந்த அக்காவோடு ஊருக்குள் நடந்தேன். மளிகைக் கடைக்காரர், "எனக்குப் பொண்ணு கல்யாணம் வருதும்மா" என்றார். பெண் கல்யாணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பஞ்சாயத்தில் இருந்தவர், தான் ஊரிலேயே இல்லை என்று தன் வாயாலேயே சொல்லி அனுப்பினார், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு. கடைசியாகச் சூளைக்காரரிடம் போனோம். அந்த அக்கா அவர் சூளையில்தான் கல் சுமந்துகொண்டிருந்தாள். உள்ளூர் ஆளுக்குக் கொடுப்பதில் பாதிக் கூலி. சூளைக்காரர் எங்களை உட்காரச் சொன்னார், ஆளுக்கொரு சொம்பு மோர் கொடுத்தார்.

"நல்ல பொம்பள. வேலையில ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா கையெழுத்தெல்லாம் வாணாம்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தானே இட்டுகினு போவான்?"

"அவங்க சுமக்கிற கல்லு வேணும், அவங்க வேணாமா உங்களுக்கு?"

"இன்னாம்மா நீ, மோரு குடிச்சிகினே சண்டைக்கு வர்றே?"

சொம்பை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே வந்ததும் அந்த அக்கா, "விடுங்கோ மிஸி. ஆக்களிலயும் பிழை இல்லை. பயம்தானே" என்றாள். அவள் இப்படிப் பேசப் பேச எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நீயாவது திட்டேன் ஒரு தடவை!

மறுநாள் ஒரு அம்மா மருந்து ஜன்னலுக்கு வந்தார். ஐம்பது வயது, ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை. அவர் கணவரும் எங்களிடம் காச நோய்க்கு மருந்து வாங்கியவர். முற்றிப்போன பிறகு வந்தார், தொடங்கிய மூன்றாம் வாரம் செத்துப்போனார். மீந்த மாத்திரைகளையும் அவருடைய அட்டையையும் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார் அந்தம்மா. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அடுத்தவருக்கு உதவட்டும் என்று மூன்று மைல் நடந்து வந்திருக்கிறார்.

பேச்சு வாக்கில்தான் தெரிந்தது, அவரும் அந்த அக்காவும் சூளையில் ஒரே இடத்தில் கல் சுமக்கிறார்கள். "அவளுக்கு இன்னாத்துக்கு மாத்திர தரலே?" என்று கேட்டார். சொன்னேன். "ஒரு கைநாட்டுதானே? நான் வெக்கிறேன் எடு" என்று நேரே டாக்டர் அறைக்குள் போய்விட்டார்.

டாக்டர் கேட்டார்: "வீட்டுக்குப் பட்டா இருக்கா?"

"பொறம்போக்குல கீறேன்."

"அப்போ செல்லாதும்மா."

அந்த ஊரிலேயே துணிந்து வந்த ஒரே ஆள். அவருடைய கைநாட்டும் செல்லாது. வெளியே வந்தவர் ஜன்னலில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "கம்பவுண்டரம்மா, எங்க வூட்டுக்காரரு செத்தத இன்னும் ரிஜிஸ்டர்ல எழுதலியே நீ?"

"இல்லை. இப்பதானே சொல்றீங்க."

"அப்போ எழுதாத. அவரு மாத்திரைய வாரா வாரம் நான் வந்து வாங்கிகினு போறேன். அவளாண்ட குடுத்துட்றேன்."

செத்தவர் பேரில் சர்க்கார் மருந்து. வேலை போகும், வழக்கும் வரும். அட்டையையும் கையேட்டையும் புரட்டிப் பார்த்தேன். செத்தவரின் எடையும் இவள் எடையும் ஏறக்குறைய ஒன்று. மருந்தும் அளவும் அதேதான். ஒரு வாரத்து மாத்திரையை எண்ணிக் காகிதக் கவரில் போட்டேன். வழக்கம்போல கவர்மேல் அவர் பெயரையும் ரிஜிஸ்டர் நம்பரையும் எழுதினேன். வாங்கியதற்கு அந்தம்மா பெருவிரலை மையில் ஒற்றி ரிஜிஸ்டரில் வைத்தார்.

இப்படியே ஐந்து மாதத்துக்கு மேல் நடந்தது. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை. அந்த அக்கா ஆஜருக்கு நிற்பாள், அந்தம்மா மருந்துக்கு நிற்பார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி ரோட்டில் முழங்கால் தண்ணீர் ஓடியபோதும் அந்தம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். நவம்பரில் அந்த அக்காவைச் சூளைப் பக்கம் பார்த்தேன். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. இருமல் நின்று ஒரு மாதம் ஆகிவிட்டதாம். மகளை இனி பக்கத்தில் படுக்க வைக்கலாமா என்று கேட்டாள். படுக்க வைக்கலாம் என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. பட்டாவும் கையெழுத்தும் இல்லாமல் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு நோயைப் பாதி விரட்டிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே குதூகலம்.

ஜனவரியில் கப்பல் லிஸ்ட் வந்தது. ஊருக்குத் திரும்பிப் போகச் சம்மதம் என்று கேம்ப்பில் கையெழுத்து வாங்கினார்கள். படிவம் இங்கிலீஷில். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துச் சொல்லவில்லை. ஜாமீன், பட்டா எதுவும் கேட்கவில்லை. அவள் கையெழுத்து அங்கே ஒரு நிமிஷத்தில் செல்லிவிட்டது.

அந்த அக்கா அன்று முதல் தடவையாக எட்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆஜரை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"போறதெண்டால் போறன் மிஸி. எங்கட ஊர்தானே. மருந்து மட்டும் முடியட்டும். அங்க ஆசுப்பத்திரியே உடைஞ்சு கிடக்காம். வருத்தம் எண்டு டொக்டர் ஒரு துண்டு எழுதித் தந்தா, பேரைப் பின்னுக்குத் தள்ளலாம் எண்டு எண்ணுறவர் சொன்னவர்."

உடம்புக்கு நோய் என்று ஒரு துண்டுச் சீட்டு. அவ்வளவுதான் கேட்டாள். டாக்டர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அதிரவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து செத்தவர் பெயரில் விரலை வைத்தார்.

"இது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? தெரிஞ்சும் வாரா வாரம் இனிஷியல் போட்டேன். சரி, இப்போ சீட்டு எழுதறேன். எந்தத் தேதியில இருந்து மருந்து சாப்பிடறாங்கன்னு எழுதணும். எந்த நம்பர்னு எழுதணும். நம்பரைப் பார்த்தா ஆள் செத்துட்டார். மருந்து வாங்கினது யாருன்னு பார்த்தா, இதோ, இருபது தடவைக்கு மேல ஒரே கைநாட்டு. செத்தவன் பேர்ல மருந்து வாங்கி சிலோன்காரங்களுக்குக் குடுத்த பொம்பளை. இந்த நேரத்துல. போலீஸ் உங்களையா கூட்டிட்டுப் போவான்? அந்தம்மாவைத்தான் கூட்டிட்டுப் போவான்."

ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். நான் ஒரு இடத்திலும் கையெழுத்துப் போடவில்லை. மருந்தை எண்ணிக் கொடுத்தவள் நான், மாட்டிக்கொள்ளப்போகிறவர் அந்தம்மா.

அந்தம்மாவிடமே போய்ச் சொன்னேன். சூளையில் கல்லை இறக்கி வைத்துவிட்டு, "எழுதச் சொல்லு. புட்சிகினு போனா போறான். அங்க சோறு போடமாட்டானா?" என்றார். பக்கத்தில் நின்ற அந்த அக்காதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் மிஸி. அவவுக்கும் பிள்ளையள் இருக்கு. நான் போறன். மிச்ச மாத்திரையைத் தாங்கோ, கொண்டு போறன்."

அதுவும் சரி என்று பட்டது. இரண்டரை மாதத்து மாத்திரைதானே, கையோடு கொடுத்துவிட்டால் முடிந்தது. அன்று மதியம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எண்ணினேன். வாரத்துக்கு ஒரு கவராகப் பத்து கவர்கள். எப்போது எத்தனை சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதினேன்.

பஸ் வந்து நின்ற அன்று காலை நானும் குடோனுக்குப் போனேன். அந்தம்மா எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். போலீஸ்காரர்கள் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாட்டரி, பெட்ரோல், மொத்தமாக மருந்து எதுவும் கடல் தாண்டிப் போகக்கூடாது. சொந்த உபயோகம் என்றால் விடுவார்கள் என்று நான் தைரியமாக இருந்தேன். அந்த அக்காவின் பைக்குள் கையை விட்ட போலீஸ்காரர் கவர்களை எடுத்தார்.

"யாருக்கு இத்தனை மாத்திரை?"

"எனக்குத்தான் ஐயா."

அவர் கவரைத் திருப்பிப் படித்தார். ஒரு ஆண் பிள்ளையின் பெயர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவி, பத்து கவரிலும் செத்தவர் பெயரையே எழுதியிருந்தேன்! ஐந்து மாதமாக அந்தப் பெயரையே எழுதிப் பழகிய கை. மாத்திரையை எண்ணியதும் அது தானாக எழுதிவிட்டது. ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை நான்.

"யாரு இவன்? எங்க கீறான்? எந்த இயக்கத்துப் பையனுக்கு மருந்து கொண்டுபோற?"

வரிசை அப்படியே நின்றது. இன்னொரு போலீஸ்காரர் பக்கத்தில் வந்தார். அந்த அக்காவின் மகள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில் இப்படி ஒரு கேள்வியில் வரிசையிலிருந்து வெளியே இழுக்கப்பட்டவர்கள் திரும்பி வர எத்தனை மாதம் ஆகும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் என்னையும் கேட்பார்கள் என்றுதான் அவள் திரும்பவில்லை.

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். நான் கொடுத்தது, அவள் நோயாளி, நான் கம்பவுண்டர், மூன்று வார்த்தை போதும். மருந்து வரிசையில் நின்ற ஏழை ஜனங்களையெல்லாம் வெளுத்து வாங்கிய என் வாய் அன்று எங்கே போயிற்று? ஒட்டிக்கொண்டது. திறக்கவே இல்லை.

அந்தம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தார். "ஐயோ சாமி, அது எங்க வூட்டுக்காரரு டி.பி. மாத்திர! நேத்து மூட்ட கட்ட ஒத்தாச பண்ணிகினு இருந்தேன். மறந்து இதுங்க பையில வெச்சிட்டேன் போல கீது. குடு இப்புடி!" என்று கையை நீட்டினார்.

"உன் புருஷன் எங்கே?"

"வூட்ல இரும்பிகினு படுத்துகினு கீறாரு. வேணும்னா வா, காட்றேன்."

காச நோய்க்காரன் குடிசைக்கு எந்தப் போலீஸ்காரன் போவான்? பத்து கவரையும் அந்தம்மா கையில் திணித்துவிட்டு, "போம்மா போ, பையைக் கட்டு" என்று அந்த அக்காவைத் தள்ளிவிட்டார். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவள் மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வதைத் தவிர அந்தம்மாவுக்கு வேறு வழி இல்லை. அந்த வழியை உண்டாக்கி வைத்தவள் நான். பஸ் போன பிறகு அந்தம்மா கவர்களை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். கணவர் செத்தபோதுகூட அவர் அப்படி அழுததில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

அந்த அக்கா எந்த ஊரில் இறங்கினாள், மீதி மருந்து எங்காவது கிடைத்ததா, இருமல் திரும்பியதா, எனக்கு எதுவும் தெரியாது. பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும்.

மார்ச் மாதக் கடைசியில் டாக்டர் கணக்கை முடிக்க ரிஜிஸ்டரை எடுத்து வரச் சொன்னார். செத்தவர் பெயருக்கு நேரே கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. இறந்தார் என்று இப்போது எழுதினால் இத்தனை மாதம் மருந்து வாங்கியது யார் என்று மேலே இருந்து கேள்வி வரும், அந்தம்மா மாட்டிக்கொள்வார். பாதியில் விட்டார் என்று எழுதினால் நேரில் விசாரிக்க ஆள் வரும். டாக்டர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்: எட்டு மாதமும் மருந்து தவறாமல் சாப்பிட்டார், பூரண குணம். கீழே கையெழுத்தும் போட்டேன்.